பூபாலனுக்குத் தெரிந்த இந்தி

ஹைதராபாத் தார்நாகாவில் நாட்டுக்காக மூளையைக் கசக்கும் பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கு நடுவே, வேப்பமரங்கள் மறைத்துக்கொண்டிருப்பதால் யார் கண்ணிலும் படாமல் பிழைத்துவரும் ஒரு பசை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எதை எதோடு ஒட்டலாம், ஒட்டினதை எப்படிப் பிரிக்கலாம் என்று அறுபது விஞ்ஞானிகள் அங்கே பாதி நாள் ஒட்டுகிறார்கள், பாதி நாள் பிரிக்கிறார்கள். 2025 அக்டோபர் கடைசியில் அந்த நிலையத்துக்குள் ஒரு சுற்றறிக்கை சுற்றியது. விண்டோஸ் பத்துக்கு ஆயுசு முடிந்துவிட்டது. பதினொன்றைத் தாங்கும் தெம்பு நம் கணினிகளுக்கு இல்லை. ஆகவே நவம்பர் முடிவதற்குள் எல்லாக் கணினிகளும் லினக்ஸுக்கு மாற்றப்படும்.

விஞ்ஞானிகள் கத்தினார்கள். கணக்குப் பிரிவு மெமோ போட்டது. ஸ்டோர்ஸில் ஒருவர், லினக்ஸ் என்பது இருமல் மருந்து என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பதினேழாம் நம்பர் அறையில் இருந்த பூபாலன் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்தபோது அந்தக் காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வேர்வை.

பூபாலன் அந்த நிலையத்தின் இந்தித் தட்டச்சர். இந்திப் பிரிவு முழுவதும் அவர் ஒருவர்தான். ஓய்வுக்குப் பதினாறு மாதம் பாக்கி. அறைச் சுவரில், இந்தியைச் சிறப்பாகப் பரப்பியதற்காகத் தலைமையகம் கொடுத்த நான்கு கேடயங்கள் வரிசையாகத் தொங்கின. அவருக்கு ஒரே ஒரு ரகசியம்தான். அவருக்கு இந்தி படிக்கத் தெரியாது.

இதில் அவர் பொய் சொன்னார் என்று சொன்னால் அது அநியாயம். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா பணிமனையில் ஃபிட்டர். வீட்டில் வாலாஜாபேட்டைத் தமிழ், தெருவில் ஹைதராபாத் இந்தி, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி தெலுங்கு. 1996-ல் வேலைக்கு நேர்முகம் நடந்தபோது, வடக்கிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி இந்தி வருமா என்று கேட்டார். பூபாலன் தெருவில் பேசுகிற மாதிரியே, “ஹவ் சாப், கைக்கு நை ஆதா?” என்றார். ஆமாம் ஐயா, ஏன் வராது? போர்டு முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது. படிக்க வருமா என்று கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காத கேள்விக்கு எந்த உத்தியோகஸ்தனும் பதில் சொல்லி இந்த தேசத்தில் கேள்விப்பட்டதில்லை.

தமிழ், ஆங்கிலத் தட்டச்சில் ஏற்கெனவே அவர் கில்லாடி. இந்தி மெஷினின் விசைப்பலகைப் படத்தை வாங்கி இரண்டு மாதத்தில் விரலில் ஏற்றிக்கொண்டார். எழுத்தின் உருவத்தைக் கண் பார்க்கும், விரல் அந்த விசைக்குப் போகும். நடுவில் அர்த்தம் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. பூபாலனின் வண்டி அங்கே நிற்காது. மெஷின் போய்க் கணினி வந்தபோது, அதே விசைகளோடு ஓர் இந்தி எழுத்துரு கிடைத்தது. வண்டி தண்டவாளம் மாறாமல் ஓடியது. அப்போதிருந்த இந்தி அதிகாரி கையால் எழுதிக் கொடுப்பார், இவர் பிழையில்லாமல் அடித்துத் தருவார். அர்த்தம் தெரிந்தவர்களுக்குத்தான் கை தடுமாறும் என்று அந்த அதிகாரியே பலர் முன்னால் புகழ்ந்திருக்கிறார். யாரை வைத்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

பயம் வந்தது 2016 டிசம்பரில். இந்தி அதிகாரி ஓய்வு பெற்றார். பதவி காலி. “பூபாலன் இருக்காரே, பார்த்துப்பார்” என்று டைரக்டர் வெங்கடராமன் சொல்லிவிட்டார். வெங்கடராமன் கும்பகோணத்துக்காரர், பசையைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்க்காத நல்ல மனிதர்.

பூபாலனிடம் இருந்தது அந்த அதிகாரி விட்டுப்போன இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எல்லாம் கணினியில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதன் முகத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்தார். ‘நன்றி நீளம்’. ‘நன்றி குட்டை’. ‘மூணாவது வரி சின்னது’. ‘கோபமா இருக்கற மாதிரி’. வேலை வந்தால் பொருத்தமான முகத்தை எடுப்பார், தேதியையும் எண்ணையும் மாற்றுவார், வெங்கடராமனிடம் கொண்டுபோவார்.

“என்ன ஓய் இது?”

“கவரிங் லெட்டர் சார்.”

கையெழுத்து விழும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலையத்தில் இந்தி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தலைமையகத்துக்கு அறிக்கை போகவேண்டும். அதன் மேல் வைக்க பூபாலன் தேர்ந்தெடுத்த கடிதத்தின் பெயர் ‘அழகானது’. நான்கு பத்தி, நான்கும் ஒரே அளவு, கையெழுத்துக்குத் தாராளமாக இடம். ஒன்பது வருஷத்தில் முப்பத்தாறு தடவை அது தில்லி போயிற்று. தில்லியிலிருந்து ஒவ்வொரு தடவையும் இந்தியில் பதில் வந்தது. அதையும் அவர் படிக்காமல் மரியாதையாகக் கோப்பில் கோத்தார்.

இந்த ஒன்பது வருஷமும் அவர் தூங்கினார், சாப்பிட்டார், மகளுக்குக் கல்யாணம் பண்ணினார். ஆனால் ஃபோன் அடித்தால் நாலாவது மணிவரை எடுக்கமாட்டார். யாராவது வடக்கத்தியார் வராந்தாவில் நடந்து வந்தால் கழிப்பறைக்குப் போய் நின்றுகொள்வார். ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள். பென்ஷன் நிற்கும். பேப்பரில் படம் வரும். அவர் வீடிருக்கும் மாரெட்பள்ளியில் காய்கறிக் கடைக்காரன் முதற்கொண்டு பார்ப்பான்.

இப்போது அந்த நாள், லினக்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறது.

வீட்டில் சொல்லலாம் என்றால் மனைவி பூர்ணாவுக்கும் இந்த ரகசியம் தெரியாது. அவள் கணக்கில் கணவர் இந்திப் பண்டிதர். தண்ணீர் வடிகட்டியோடு வந்த இந்தித் தாளை ஒருமுறை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “வருஷத்துக்கு ஒரு தபா கழுவணும்னு போட்டிருக்கான்” என்றார். அந்த வீட்டில் வடிகட்டி இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தபாதான் கழுவப்படுகிறது. இரண்டு பேருக்கும் அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகிறது.

சுற்றறிக்கை வந்த அன்று சாயங்காலம் அவர் உப்புமாவைத் தொடவில்லை.

“இன்னா ஆச்சு உங்களுக்கு? மூஞ்சி ஒரு மாதிரி கீது.”

“ஆபீஸ்ல கம்ப்யூட்டர மாத்தறாங்க.”

“அத்தினிதானா? கம்ப்யூட்டர மாத்தினா இந்தி மாறிடுமா? உங்க மண்டைல இல்ல இந்தி கீது!”

பூபாலனுக்கு வாயில் இருந்த தண்ணீர் புரையேறியது.

கணினிகளை மாற்றும் பொறுப்பு நஸ்ரினுக்கு. நிலையத்தின் கணினிப் பிரிவு அதிகாரி, நாற்பதை நெருங்கும் வயது. அப்பா பட்டாளத்தில் இருந்ததால் பள்ளிக்கூடமெல்லாம் ஜபல்பூர், பரேலி என்று போயிற்று. இந்தி, இங்கிலீஷ் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் மட்டும் அம்மாவிடமிருந்து அப்படியே வந்த மேலப்பாளையம். நிலையத்தில் இருந்த நாலைந்து தமிழர்களை முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

“பூபாலண்ணே, நாளைக்கு உங்க பொட்டிய மாத்துதேன். மேசைய ஒதுக்கி வைங்க.”

“நாளைக்கு அஷ்டமிம்மா.”

“சரி, நாளான்னைக்கு.”

“அது நவமி.”

“அதுக்கு மறுநாளு?”

பூபாலன் காலண்டரைப் புரட்டினார். கரிநாள் எதுவும் அகப்படவில்லை. “பிரிண்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. அது சரியாவட்டும்.”

“அண்ணே, லினக்ஸுக்கு ராகுகாலம், எமகண்டமெல்லாம் கிடையாது. கணக்குப் பிரிவுல நெல்லூர்க்காரர் ஒருத்தர் ஒங்களுக்கு மேல. அவரு ஜாதகத்த நீட்டுதாரு. எல்லாரும் சேந்து என்னைய அடுத்த வருசத்துக்குத் தள்ளப் பாக்கீயளா? வெள்ளிக்கிழமை பத்து மணி. முடிஞ்சு.”

அதே வாரம் இன்னொரு இடி. தலைமையகத்திலிருந்து இந்தி ஆய்வுக்குழு வருகிறது, டிசம்பர் இரண்டாம் வாரம். காலாண்டுக் கடிதக் கோப்பு மேஜைமேல் தயாராக இருக்கவேண்டும். பூபாலன் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார். டாக்டர், “டென்ஷன் ஏதாவது?” என்றார். “கம்ப்யூட்டர் மாத்தறாங்க டாக்டர்” என்றார் பூபாலன். டாக்டர் அவரை வயது மீறிய குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து ஒரு மாத்திரை எழுதினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நஸ்ரின் ஒரு பென் டிரைவோடு வந்தாள். கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்தாள். திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. மொழி. ஊர். நேரம். கடைசியில், இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று ஒரு கேள்வி.

“அழிக்கட்டா அண்ணே?”

பூபாலன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மாதிரிக் கேள்வியை இத்தனை பணிவாக யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. “அத்த… அப்புறமா கேக்கச் சொல்லுங்களேன்.”

“அது ஒருதரம்தான் கேக்கும்” என்று சொல்லி நஸ்ரின் தட்டிவிட்டாள். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. அது நகர நகர பூபாலனுக்குத் தன் உத்தியோகம் அங்குலம் அங்குலமாக அழிவது போலிருந்தது. அறுபது சதவிகிதத்தில் கோடு நின்றது. அவர் மூச்சும் நின்றது. இரண்டும் ஒன்றாக மறுபடி கிளம்பின.

“இப்பச் சொல்லுங்க, எந்த டெஸ்க்டாப் வேணும்? மூணு இருக்கு. ஒண்ணு ஒங்க பழசு மாதிரியே, கீழ இடது மூலையில பட்டன் இருக்கும். ஒண்ணு பளபளன்னு இருக்கும், ஆனா இந்தப் பொட்டி தாங்காது. ஒண்ணு ஒல்லி. பழைய பொட்டிக்குத் தோது. எலிப்படம் போட்டிருக்கும்.”

முப்பது வருஷ உத்தியோகத்தில் உனக்கு எது வேண்டும் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. அதுவே ஒரு தினுசான பயத்தைக் கொடுத்தது. தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? மூன்று படங்களையும் பார்த்தார். எலி ஓடுகிற நிலையில் இருந்தது. தப்பித்து ஓடத் தெரிந்த பிராணி.

“எலி” என்றார்.

எலி வந்தது. சாம்பல் திரை, மேலே மெல்லிய பட்டை. நஸ்ரின் அவருடைய கோப்புகளைத் திரும்பக் கொட்டினாள். ‘அழகானது’ என்ற பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதைத் திறந்தாள்.

திறந்ததும் இருவரும் திரையைப் பார்த்தார்கள். இந்தி இல்லை. இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்துகள், அதுவும் தலைகால் இல்லாமல். எச், கே, கே, ஜே, ஆர் என்று ஆரம்பித்தது. நடுநடுவே அரைப்புள்ளி, மேற்கோள் குறி, பிறை அடைப்பு. பூனை விசைப்பலகை மேல் நடந்தால் வருகிற மாதிரி நான்கு பத்தி.

“யா அல்லா. இது என்ன, ரஷ்யனா?” என்றாள் நஸ்ரின். “இருங்க, பழைய ஃபாண்ட் இல்ல, அதான். அஞ்சு நிமிச வேலை. ஃபாண்ட ஏத்தினா சரியாப் போவும்.”

அந்த ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். பூபாலன் பொறுக்கவில்லை. அவருக்கு என்னமோ ஆகிவிட்டது. இத்தனை வருஷமாகத் திரையில் அவர் பார்த்தது வளைவும் கொம்புமான, புரியாத உருவங்கள். இப்போது அங்கே இருந்தது அவர் விரல்கள். எந்த விசையை எப்போது தட்டினாரோ அது அப்படியே எழுத்தாக நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் அடித்ததை அவரால் படிக்க முடிந்தது.

“எச் கே கே ஜே ஆர்… இது பாரத்” என்றார், நாற்காலியை இழுத்துக்கொண்டு. “பக்கத்துல சர்க்கார். ஈ ஜி கே எஸ் என், அப்புறம் அரைப்புள்ளி. இது மகோதய். ஐயான்னு போடுவாங்கல்ல, அது. இங்க பாருங்க, இந்த டபுள் கோட்டு வந்தாலே விஷயம்னு அர்த்தம்!” சுண்டுவிரலும் மோதிரவிரலும் மேஜைமேல் தானாகத் தட்டிக்கொண்டு வந்தன. முகத்தில் ஒரு களை. அதிகாரி எப்போதோ சொல்லிக்கொடுத்த நாலைந்து சொற்கள் தீர்ந்ததும், எட்டு வரி வெறும் விசைகளாகவே கடகடவென்று போனார்.

நஸ்ரின் வாயைப் பிளந்தாள். “அண்ணே! நெசமாவே இத வாசிக்கீயளா?”

“ஹவ்! கைக்கு வாசிக்கமாட்டேன்?”

அவள் அதற்குள் எழுத்துருவை ஏற்றிவிட்டாள். ஆனால் ஒரு புதிய, உருண்டையான எழுத்துருவும் கைவசம் இருந்ததால், அதற்கே மாற்றிப் பார்த்தாள். அசல் இந்தி திரையில் வந்தது. வரிகள் வேறு இடங்களில் உடைந்தன. நான்கு பத்திகளும் நான்கு அளவாகிவிட்டன. ‘அழகானது’ அழகாக இல்லை.

“சூப்பர். இப்ப இதுல வாசிங்க, நல்லா இருக்கான்னு பாப்போம்.”

பூபாலன் பார்த்தார். முகம் மாறிய கடிதம் அவரை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தது. அவரும் அப்படித்தான்.

“வாசிங்கண்ணே.”

பூபாலன் பிரிண்டரின் ஒயரைச் சரிபார்த்தார்.

“அதே லெட்டர்தாம்ண்ணே. அத வாசிச்சீயள்லா?”

அவர் காதுமடல் சிவந்தது. கை மேஜையிலிருந்து இறங்கி மடிக்குப் போயிற்று. நஸ்ரின் கெட்டிக்காரி. திரையைப் பார்த்தாள், சுவரில் இருந்த நான்கு கேடயங்களைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எத்தன வருசமா?”

“ஆரம்பத்துலேர்ந்தே.” நாற்காலியிலிருந்து எழுந்தார். “அதிகாரி இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லம்மா. அவர் எழுதுவார். அவர் போனதுக்கப்புறம்தான்… யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பதினாறு மாசம். கால்ல வேணாலும் விழறேன்.”

“என்னண்ணே பேச்சு இது, ஒக்காருங்க. நான் யாருட்ட சொல்லப்போறேன்.” அவள் திரைக்குத் திரும்பினாள். “ஆமா, இந்த லெட்டர் எதுக்கு? எங்க அனுப்புவீய?”

“தில்லிக்கு. மூணு மாசத்துக்கு ஒண்ணு.”

நஸ்ரின் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பத்தியில் அவள் உதடு அசைவது நின்றது. மூன்றாம் பத்தியில் கையை வாயில் வைத்தாள்.

“இன்னா? இன்னா போட்டிருக்கு?”

“அண்ணே, மாத்திரை போட்டீயளா இன்னைக்கு?”

“போட்டேன். சொல்லும்மா.”

“கேளுங்க. ‘ஐயா, நான் இன்றோடு ஓய்வு பெறுகிறேன். நாளை முதல் இந்த நிலையத்தில் இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை.’”

பூபாலன் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் தேடினார்.

“‘இனி இங்கிருந்து இந்தியில் வரும் எந்தக் கடிதத்தையும் தயவுசெய்து நம்ப வேண்டாம், அதை எழுதியவருக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. உடனே ஓர் அதிகாரியை நியமிக்கவும்.’ இவ்வளவுதான். கீழ டைரக்டர் கையெழுத்துக்கு எடம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பூபாலனால் கண்டுபிடிக்க முடியவில்லை. “எத்தன தரம் போயிருக்கு?”

“முப்பத்தாறு.”

“அதுக்கு அங்கேர்ந்து?”

அவர் கோப்பை எடுத்து நீட்டினார். அவள் பதில்களைப் புரட்டினாள். “‘தங்கள் கடிதம் கிடைத்தது. நிலையத்தில் இந்தியின் முன்னேற்றம் மகிழ்ச்சியளிக்கிறது.’ இது… இதுவும் அதேதான். இதுவும்.” கோப்பை மூடினாள். “அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? நீங்க பொய்யே சொல்லல. முப்பத்தாறு தரம் நெசத்தச் சொல்லிருக்கீய. அதும் நல்ல இந்தியில.”

அது ஆறுதலா என்று யோசிக்கும் நிலையில் பூபாலன் இல்லை. இதுவரை அவருக்கு இருந்தது பொதுவான பயம். இப்போது அதற்கு ஆதாரம், கோப்பு எண், தேதி, டைரக்டர் கையெழுத்து எல்லாம் சேர்ந்துவிட்டது. அந்தக் கோப்புதான் ஆய்வுக்குழு கேட்டிருக்கும் கோப்பு.

ஒளித்துவிடலாமா என்று பார்த்தார். பட்டியலில் ஏறிவிட்டது. கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாமா? பசை நிலையத்தில் கரையான் வராது. அதற்காகவே ஒரு விஞ்ஞானி பதினொரு வருஷம் உழைத்திருக்கிறார். கடைசியில், டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, ஆய்வுக்கு இரண்டு நாள் முன்னால் போய் நின்றார்.

“சார், ஒரு விஷயம். ரொம்ப நாளா மனசுல…”

“ஓய், லீவெல்லாம் இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சப்புறம்” என்றார் வெங்கடராமன், ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. “உம்மை நம்பித்தான் இருக்கேன். இந்தி கேஸ்ல நம்ம நிலையம் நம்பர் ஒன்னாக்கும்.”

பூபாலன் திரும்பி வந்துவிட்டார்.

ஆய்வு அன்று காலை அவர் இரண்டு தரம் பல் தேய்த்தார். பூர்ணா ஒரு கோடு விபூதி வைத்துவிட்டு, “தில்லிக்காரங்க முன்னாடி நல்லா பேசுங்க. மறுபடியும் ஒரு ஷீல்டு குடுத்தா வூட்டுக்கு எடுத்தாங்க, அந்த மூலைல மாட்டலாம்” என்றாள். ஸ்கூட்டர் மெட்டுகூடா வரை நேராகப் போயிற்று. அதற்கப்புறம் தானாக வீட்டுப் பக்கம் வளைந்தது. ஓரமாக நிறுத்தி ஓர் ஆட்டோவில் போனார்.

குழுத் தலைவர் பருமனான, கனிவான மனிதர். பதினேழாம் அறையில் டைரக்டருக்கு எதிரே உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் பக்கத்து அறையில் சமோசாவை ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். புதிய எலித்திரையைப் பார்த்து, “லினக்ஸா? பேஷ்” என்றார். கோப்பை இழுத்துக் கடைசிக் கடிதத்தைத் திறந்தார். பூபாலன் கதவோரமாக நின்றார். ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் படித்தார். ஒன்பது வருஷத்தில் நஸ்ரினுக்கு அடுத்து அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த ஆள் அவர்தான். கனிவு முகத்தை விட்டு இறங்கியது. முந்தின கடிதத்துக்குப் போனார். அதற்கு முந்தினதுக்குப் போனார். பிறகு கட்டைவிரலால் மொத்தத்தையும் சீட்டுக்கட்டு போலப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“டைரக்டர் சாப், இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?” என்று இந்தியில் கேட்டார்.

வெங்கடராமனுக்குக் கேள்வியே புரியவில்லை. பூபாலனைப் பார்த்தார். “கவரிங் லெட்டர்தானே?”

பூபாலன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கும் தெரியாது. “மேரெகு பட்னா நை ஆதா சாப்” என்றது வாய். எனக்குப் படிக்க வராது ஐயா. “பேசறது மட்டும்தான் வரும். அடிக்கத் தெரியும். விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. டைரக்டர் சாருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான்தான்.” பாதி இந்தியிலும் பாதி தமிழிலுமாகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். போலீஸ் இப்போதே வருமா, சாப்பாட்டுக்கு அப்புறம் வருமா என்பதுதான் பாக்கி.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது தலைவர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு கேடயங்கள். மூன்றாவதன் கீழே வழங்கியவர் கையெழுத்து. அவருடையதே.

தலைவர் எழுந்தார். கதவுவரை போய் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது, டிசம்பர் மாதம்.

“இது வேறு யாருக்குத் தெரியும்?” குரல் பாதியாகிவிட்டது.

“கணினி அம்மாவுக்கு.”

“நம்பலாமா?”

“நம்பலாம் சாப்.”

“இந்த அதிகாரி பதவியை நான் இப்போது நிரப்பச் சொன்னால், எப்போதிலிருந்து கேட்கிறார்கள் என்பார்கள். ஒன்பது வருஷமாக. முப்பத்தாறு தடவை. அப்படியானால் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பார்கள். கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.” அவர் கைக்குட்டையை எடுத்தார். “நிரப்ப முடியாது. யாரும் வரக்கூடாது. யாரும் எதையும் படிக்கக்கூடாது.”

அதற்குள் விஷயம் புரிந்துவிட்ட வெங்கடராமன், தன் முப்பத்தாறு கையெழுத்துகளையும் மனதில் எண்ணிப்பார்த்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இப்போது அந்த அறையில் மூன்று பேர் சமமாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பழக்கம் இருந்ததால் பூபாலன்தான் கொஞ்சம் நன்றாக நடுங்கினார். மற்ற இரண்டு பேருக்கும் அவர்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆய்வு அறிக்கையில் தலைவர், ‘கடிதப் போக்குவரத்து தவறாமல் நடைபெறுகிறது’ என்று ஒரு வரி எழுதினார். அதில் பொய் இல்லை. மத்தியானமே வெங்கடராமன் நஸ்ரினைக் கூப்பிட்டார். இந்திக் கோப்புகளை யாரும் தேடிப் படித்துவிடக்கூடிய புது எழுத்துக்கு மாற்றவேண்டாம், அந்தப் பழைய எழுத்துருவையும் எடுத்துவிடவேண்டும் என்றார்.

“எடுத்துட்டா வெறும் ஏ பி சி டியாத்தான் தெரியும் சார். யாருக்கும் வாசிக்க வராது.”

“அதான் வேணும்” என்றார் டைரக்டர். “பூபாலன் இருக்காரே, பார்த்துப்பார்.”

ஜனவரி முதல் வாரம் வந்தது. காலாண்டு அறிக்கை போகவேண்டும். பூபாலன் எலித்திரையின் முன்னால் உட்கார்ந்து கடிதங்களின் பட்டியலைத் திறந்தார். ‘அழகானது’ வேண்டாம், இந்தத் தடவையாவது வேறு ஏதாவது அனுப்பலாம் என்று நினைத்தார். ‘நன்றி நீளம்’ மேல் அம்பைக் கொண்டுபோனார். விரல் நின்றது. இது யாருக்கு என்ன நன்றி? ‘கோபமா இருக்கற மாதிரி’க்குப் போனார். யார் மேல் கோபம்? ஒன்பது வருஷத்தில் இவை எல்லாமே ஏதோ ஓர் இடத்துக்குப் போயிருக்கின்றன, டைரக்டர் கையெழுத்தோடு. அம்பைத் திரும்ப மேலே இழுத்துக்கொண்டார்.

நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, திருட்டு முழி முழிக்கீய? மிச்சம் இருநூத்திப் பதினொண்ணையும் என் பொட்டியில ஃபாண்ட ஏத்தி நான் வாசிச்சுச் சொல்லிருதேன். ஒரு நாள் வேலை. எதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு போவும்லா?”

பூபாலன் இரண்டு கையையும் திரைக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

“நக்கோம்மா” என்றார். வேண்டாம் அம்மா. “நக்கோ.”

அவள் போகும்வரை காத்திருந்தார். பிறகு, என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே கடிதத்தை எடுத்தார். தேதியையும் எண்ணையும் மாற்றி, வெறும் ஏ பி சி டியாகவே அச்செடுத்தார். கையெழுத்துக்குக் கொண்டுபோனார். வெங்கடராமன் இந்தத் தடவை அது என்ன என்று கேட்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போட்டார்.

பதில் பத்தே நாளில் வந்தது, பழைய முப்பத்தாறின் அதே முகத்தோடு.